நாலு பக்கமும் பாக்கணும்

தம்பி, அந்தப் பைய எஞ்சின் மூடி மேல வைக்காதிய. எடுங்க, எடுங்க. உள்ள என்ன இருக்கு? துணிமணிதானா? துணிக்கு நடுவுல? செண்ட் பாட்டிலா! புஸ்ஸுன்னு அடிக்குமே, அதா? சரியாப் போச்சு. அது வகுப்பு ரெண்டு, அமுக்கி அடைச்ச வாயு. இந்த மூடி கொதிக்கிற கொதிக்கு, கோவில்பட்டி போய்ச் சேரும்போது நம்ம ரெண்டு பேருக்கும் மீசை இருக்காது. மடியில வச்சுக்கிடுங்க. கோவிச்சுக்கிடாதிய. இவ்வளவு வருசமா இதே தொழில், பாத்ததும் வாய் தன்னால கேட்டுருது.

எனக்குத் தூத்துக்குடி துறைமுகத்துல வேலை. ஆபத்துச் சரக்குப் பிரிவு. வெடிக்கிறது, எரியிறது, அரிக்கிறது, மூச்சை அடைக்கிறது எல்லாம் நம்மளத் தாண்டித்தான் கப்பலுக்குப் போவும். உலகத்துல உள்ள அத்தன ஆபத்தையும் ஒம்பது வகுப்பாப் பிரிச்சு வச்சிருக்கான் தம்பி. ஒண்ணு வெடி. ரெண்டு வாயு. மூணு எரியிற எண்ணெய். இப்படியே எட்டு வந்தா ஆசிட்டு, இரும்பையே அரிச்சுரும். ஒம்பது எதுலயும் சேராத சள்ளை. எதை எதுக்குப் பக்கத்துல வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அதுதான் உசிரு. தனித்தனியா ஒவ்வொண்ணும் சாது. சேத்து வச்சா ஊரு இருக்காது.

வீட்டுலயும் அப்படித்தான் வச்சிருக்கேன். அடுக்களையில கேஸ் சிலிண்டர்னா, தீப்பெட்டி நடுவீட்டுல. என் வீட்டுக்காரி பேச்சியம்மா ஒவ்வொரு தடவையும் அடுப்புப் பத்த வைக்க நடுவீட்டுக்கு வந்து தீப்பெட்டிய எடுத்துட்டுப் போவா, பத்த வச்சுட்டுத் திரும்பக் கொண்டாந்து வைப்பா. வரும்போதும் போகும்போதும் எதையாவது சொல்லுவா. அவ எட்டாம் வகுப்புன்னு ஒரு நாள் வெளையாட்டாச் சொல்லிட்டேன். “அப்ப நீங்க ஒம்பது”ன்னுட்டா. அதுக்கப்புறம் நான் வகுப்பு பிரிக்கிறது துறைமுகத்தோட சரி.

நீங்க எங்க போறிய? சாத்தூரா. நான் சிவகாசி. மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை குடுக்கப் போறேன். யாருக்குன்னு கேளுங்களேன். என்னத் திருடன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிற மனுசனுக்கு! ஆமா. எம் மூஞ்சியப் பாருங்க. ஒரு ஸ்டிக்கரக் கிழிச்சு ஒளிச்சு வைக்கிற மூஞ்சியா இது?

சொல்லுதேன், கேளுங்க. உங்களுக்கும் பொழுது போவணும்லா.

சிவகாசியில குருநாதன்னு ஒரு அண்ணாச்சி. பட்டாசு ஆலை வச்சிருக்காவ. வெளிநாட்டுக்கெல்லாம் ஏத்துமதி. அவிய மகன் தருண்குமாருக்கு எம் மக மாரிச்செல்வியக் கேட்டு வந்தாவ. எம் மக கிளியரிங் ஏஜென்சியில வேலை பாக்கா. சரக்கு கப்பல் ஏறதுக்கு முன்னாடி பேப்பரு, சீலு, ஸ்டிக்கரு எல்லாம் சரியா இருக்கான்னு பாக்கிற வேலை. என் ரத்தம்லா. நல்ல எடம், நல்ல வசதி. ஒரே ஒரு விசயம்தான் சொன்னாவ, கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு வேலைக்குப் போவக் கூடாதுன்னு. அது ஒரு பெரிய விசயமா? பூ வச்சு நிச்சயம் பண்ண நாள் குறிச்சாச்சு.

இந்தப் பிள்ளை ஒரு நாள் தோசைய வச்சுட்டு முன்னால உக்காந்துட்டா. “எப்பா, எனக்கு இந்த எடம் வேண்டாம்”ன்னா.

“ஏம்மா?”

“வேலைய விடச் சொல்லுதாவ. எனக்கு வேலை வேணும். அது போக...”

“அது போக?”

“நீங்க கோவப்படாமக் கேட்டாச் சொல்லுதேன்.”

நான் கோவமே படல தம்பி. நிதானமா விளக்கினேன். “இந்தா பாரு மாரி, போறபோக்குல வாயால சொல்லுத ஆட்சேபணை எங்கயும் செல்லாது. நான் ஒரு சரக்க நிறுத்துனா, இன்ன எடத்துல இன்ன குறைன்னு காட்டுதேன்லா? அதே மாதிரி ஒரு பக்கம் சரியில்லன்னு நீ காட்டு, கல்யாணம் என்ன, கப்பலையே நிறுத்துதேன்.”

அவ நிமிந்து என்னப் பாத்தா. “நெசமாவா?”ன்னா.

“உங்கப்பன் சொன்ன சொல்லு மாறிருக்கேனா?”

சிரிச்சுட்டா! அதுவரைக்கும் தட்டைத் தொடாத பிள்ளை உக்காந்து தோசை தின்னா பாருங்க, பேச்சியம்மா மாவு கரைக்கத் திரும்பவும் எந்திரிச்சுப் போவ வேண்டியதாப் போச்சு. பிள்ளைங்களுக்கு எடுத்துச் சொல்லுத விதத்துல சொன்னாக் கேட்டுக்கிடும்.

வேர்க்கடலை சாப்பிடுதியளா? இந்தாங்க. இது எந்த வகுப்புலயும் கிடையாது, தைரியமாச் சாப்பிடுங்க.

இந்த எடத்துல இன்னொரு ஆளச் சொல்லணும். இசக்கிராஜா. ஃபயர் வண்டியில இருக்கான். வெடிச்சரக்கு கண்டெய்னர் துறைமுகத்துக்குள்ள வந்தா, ஃபயர் வண்டி தண்ணி ஓஸ விரிச்சுத் தயாரா நிக்கணும், சட்டம். எங்க நிக்கணும்னு கேட்டான். துறைமுகக் கேட்டுக்கு வெளிய வேப்பமரத்து நெழலுல நில்லுன்னு நான்தான் உத்தரவு போட்டேன். அந்த மரம் எம் மக ஆபீஸ் சன்னலுக்கு நேரா இருக்கு. தம்பி, அவன் பொறுப்பச் சொல்லி மாளாது. வெடிச்சரக்கு வாற அன்னைக்குத்தான் நிக்கணும். சரக்கே இல்லாத நாள்லயும் டூட்டி முடிச்சுட்டு வந்து அந்த மரத்தடியில நிக்கான்! “என்ன இசக்கி, இன்னைக்குக் கண்டெய்னர் இல்லியே”ன்னா, “எதுக்கும் ஒரு கண்ணு இருக்கட்டும் சார்”ங்கான். இந்தக் காலத்துல எவன் இருக்கான் இப்படி?

சரி, விசயத்துக்கு வாரேன். பூ வைக்க நாள் நெருங்குது, குருநாதன் அண்ணாச்சியோட பட்டாசுக் கண்டெய்னரும் வருது. வெடிச்சரக்குன்னா துறைமுகத்துல தரையில கால் வைக்கப்படாது. லாரியில இருந்து நேரா கப்பலுக்குத் தூக்கணும். தாமதம் கீமதம் ஆனாக் கப்பல் நிக்காது, போயிரும். கண்டெய்னரோட நாலு பக்கமும் ஸ்டிக்கர் இருக்கணும். ஆரஞ்சுக் கலரு, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சதுரமா, முனையில நிக்கிற மாதிரி ஒட்டியிருப்பாவ. எந்தப் பக்கத்துல இருந்து பாத்தாலும், உள்ள இருக்கிறது வெடின்னு தெரியணும். மூணு பக்கம் இருந்தாப் போதாது. நாலும் வேணும்.

அன்னைக்குக் காலையில நான் சட்டை மாட்டிட்டு இருக்கேன், மாரி வந்தா. சீக்கிரமே ஆபீஸுக்குப் போயிட்டு, சாப்பாட்டுப் பைய மறந்துட்டேன்னு திரும்ப வந்திருந்தா. துப்பட்டாவெல்லாம் கிரீஸ் கறை. உழைக்கிற பிள்ளை. “எப்பா, இன்னைக்கு அவிய வண்டி வருது. சம்பந்தி வீட்டு வண்டி. நீங்க ரொம்பப் பாக்காதிய. சும்மா ரெண்டு பக்கம் பாத்துட்டு விட்டுருங்க. முன்பக்கமெல்லாம் ஏறிப் பாக்கவே வேண்டாம்”ன்னா.

எனக்குச் சுள்ளுன்னு வந்துட்டு. “யாரப் பாத்துச் சொல்லுத? சம்பந்தி வீட்டு வண்டின்னா நாலு பக்கமும் ரெண்டு தடவ பாப்பேன்!”

“உங்க இஷ்டம்”னு போயிட்டா.

வண்டி வந்துது. குருநாதன் அண்ணாச்சியும் கார்ல பின்னாலயே வந்துட்டாவ, மகனையும் கூட்டிக்கிட்டு. சரக்கு ஏத்துறதப் பாத்துட்டு, அப்படியே எங்க வீட்டுல சாப்பிட்டுப் போறதாத் திட்டம். பேச்சியம்மா சீலா மீன் வாங்கி வச்சிருந்தா. அண்ணாச்சி என் தோள்ல கையப் போட்டு, “நம்ம சம்பந்தியே கேட்டுல நிக்கும்போது நமக்கென்ன கவல?”ன்னு டிரைவர், கிளீனர் எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னாவ. அது எனக்குப் பிடிக்கல. ஆனாச் சிரிச்சேன்.

பின்பக்கம் பாத்தேன், இருக்கு. இடது பக்கம், வலது பக்கம், இருக்கு. முன்பக்கம் பாருங்க, லாரித் தலைக்கும் கண்டெய்னருக்கும் நடுவுல ஒடுக்கமான சந்து. ஒல்லியான ஆளுன்னாத்தான் நுழைய முடியும். யாரும் பாக்க மாட்டாவ. இசக்கிராஜா பக்கத்துல வந்து, “சார், வயசான காலத்துல நீங்க ஏறணுமா? முன்பக்கம் எவனும் பாக்கதில்ல. விட்டுருங்க சார்”ங்கான். கையில என்னன்னு பாத்தா ஏணி! ஏணியக் கொண்டுவந்து சரியா அந்தச் சந்துல சாச்சு வச்சுட்டு, ஏறாதிய ஏறாதியங்கான். எனக்கா வயசாயிட்டு? ஏறிட்டேன்.

இல்ல! ஸ்டிக்கர் இல்ல தம்பி! சதுரமா ஒட்டியிருந்த தடம் இருக்கு, ஸ்டிக்கரக் காணும். முனை நாலுலயும் பெயிண்டு உரிஞ்சு போயிருக்கு.

டிரைவர் குலசாமி மேல சத்தியம் பண்ணுதான். “சிவகாசியில இருந்து கிளம்பும்போது நாலும் இருந்துது சார், நான் தொட்டுக் கும்பிட்டுத்தான் வண்டிய எடுத்தேன். வழியில எங்கயும் நிக்கல. இங்க பார்க்கிங்ல விடியக்காலம் ஏஜென்சிப் பொண்ணு ஒண்ணு மட்டும் வந்து சுத்திச் சுத்திப் பாத்துது.”

“ஏல, அது எம் மக. மரியாதையாப் பேசு”ன்னேன்.

சரி, ஒரு ஸ்டிக்கர்தான, புதுசு ஒட்டிரலாம்னு ஏஜென்சிக்கு ஆள் விட்டேன். மாரியே இறங்கி வந்தா. “ஸ்டாக் தீந்து போச்சுப்பா”ங்கா. மொகம் வாடிப்போய்த்தான் சொன்னா, பாவம். அப்புறம் அவளே, “ஒரு ஆரஞ்சுத் தாளுல கையால எழுதி ஒட்டிரட்டுமாப்பா?”ன்னு கேட்டா. எல்லாரு முன்னாலயும்! நான் சொன்னேன், “ஸ்டிக்கர்னா மூணு மாசம் கடல் தண்ணியில கிடந்தாலும் அழியாம இருக்கணும்னு சட்டம். உன் தாளு அழுதாலே கரைஞ்சுரும்.” இசக்கிராஜா மட்டும் திரும்பி நின்னு இருமினான். கடல் காத்து அவனுக்கு ஒத்துக்கிடாது.

அண்ணாச்சி கெஞ்சுனாவ. “சம்பந்தி, கப்பல் போயிரும். ஒரு ஸ்டிக்கருக்காகவா?” நான் சொன்னேன், “அண்ணாச்சி, உங்க ஆலைக்குள்ள எவனாவது தீப்பெட்டி கொண்டுவந்தா, ஒரு குச்சிதானன்னு விடுவியளா?”

மனசுக்குள்ள எனக்கு எப்படி இருந்துதுன்னு யாருக்குத் தெரியும்? எம் மக வாழ்க்கை அந்தச் சந்துல தொங்குது. ஒரு வார்த்தை சொன்னா வண்டி உள்ள போயிரும், கல்யாணம் நடக்கும். திரும்பி அவளப் பாத்தேன். அவ என்னையே பாத்துட்டு நிக்கா, ரெண்டு கையும் கூப்பின மாதிரி நெஞ்சுகிட்ட வச்சுக்கிட்டு. எப்பா விட்டுருங்கன்னு அவ கண்ணால கெஞ்சுறது எனக்குப் புரிஞ்சுது. ஆனாலும் சொல்லிட்டேன். “வண்டி உள்ள போவாது.”

கண்ணுல பொலபொலன்னு தண்ணி வந்துட்டு அவளுக்கு. இன்னைக்கு நெனச்சாலும் எனக்குத் தாங்காது.

அப்பத்தான் அந்த மாப்பிள்ளப் பய காரவிட்டு இறங்குதான். அதுவரைக்கும் ஏசியில உக்காந்து செல்போன நோண்டிக்கிட்டு இருந்தான். “இன்னுமா முடியல?”ன்னு கேட்டுக்கிட்டே வந்தவன், கண்டெய்னர்ல சாஞ்சு நின்னு, பையில இருந்து சிகரெட்ட எடுத்து வாயில வச்சு, லைட்டரத் தட்டுதான்! பட்டாசுக்காரர் மகன்! அப்பன் சரக்கு மேலயே சாஞ்சுக்கிட்டு!

“டேய்ய்!”ன்னு நான் கத்துதேன். கத்தி முடிக்கல தம்பி, இசக்கிராஜா ஓஸத் திறந்துட்டான். உத்தரவுக்கே காத்திருக்கல. கடமை! சிகரெட்டப் பாத்துத்தான் அடிச்சிருப்பான், அது சின்னதுலா, மாப்பிள்ளையும் நனைஞ்சுட்டான். தலை, சட்டை, பேண்ட்டு, பளபளன்னு போட்டிருந்த ஷூவு, எல்லாம். சிகரெட்டு எப்பவோ அணைஞ்சு போச்சு. இருந்தாலும் இசக்கி கொஞ்ச நேரம் அடிச்சான். பொறி கிறி எங்கயாவது தங்கியிருக்கும்லா. சட்டத்துல அப்படித்தான், முழுசா அணைஞ்சதான்னு உறுதிப்படுத்தணும்.

லாரிக்காரனுவ எல்லாம் கை தட்டுதானுவ. அண்ணாச்சிக்கு மொகம் செவந்துட்டு. “உம்ம பொண்ணும் வேண்டாம், உம்ம சம்பந்தமும் வேண்டாம்! எங்க ஆலையில எம் மூஞ்சிக்கு நேரா ஒட்டுன ஸ்டிக்கரு எங்கய்யா போவும்? சம்பந்தம் பிடிக்கலன்னா வாயால சொல்லிருக்கலாம். நீரே கிழிச்சு ஒளிச்சு வச்சுட்டு நாடகம் போடுதீரா?”ன்னு கேட்டுட்டாவ. கேட்டுட்டுக் கார எடுத்துட்டுப் போயிட்டாவ.

சரக்குக்கு ஒரு கேடும் வரல. புது ஸ்டிக்கரு ஒட்டி அடுத்த கப்பல்லயே போயிட்டு. ஆனா அந்தச் சொல்லு இருக்கு பாருங்க. நானே கிழிச்சேன்னு. சிவகாசியில இருந்து வாற ஒவ்வொரு டிரைவரும் என்னப் பாத்து ஒரு மாதிரிச் சிரிக்கான். நான் சோறு திங்கிறதே இந்த நாலு பக்கத்த நம்பி. அத நானே கிழிப்பேனா தம்பி? துறைமுகத்துல எவனுக்கும் ஒரு டீ கடன்பட்டதில்ல நான். எனக்குத் தூக்கமே போச்சு. பேச்சியம்மாகிட்டச் சொன்னா, “எல்லாத்துக்கும் நாலு பக்கம் பாப்பிய, வீட்டுக்குள்ள ஒரு பக்கமும் தெரியாது”ங்கா. என்ன சம்பந்தம்? நான் பேசுறது ஸ்டிக்கரப் பத்தி.

வீட்டுக்குப் போகவே கால் வரல அன்னைக்கு. மகளப் பாத்து என்ன சொல்ல? வாசல்ல செருப்பக் கழத்தும்போதே நெய் வாசம். பிள்ளை கேசரி கிண்டியிருக்கா! முந்திரியெல்லாம் போட்டு! மனசு ஒடஞ்சு போனத வெளிய காட்டக் கூடாதுன்னு கேசரி கிண்டியிருக்கா தம்பி. சீலா மீனு வறுத்து, கேசரியும் வச்சு, “சாப்பிடுங்கப்பா”ன்னு பக்கத்துல உக்காந்தா. “என்ன மன்னிச்சுரும்மா, எனக்கு வேற வழி தெரியல”ன்னேன். இன்னும் ரெண்டு கரண்டி கேசரிய என் தட்டுல வச்சா. “நீங்க சொன்ன சொல்லு மாற மாட்டியன்னு எனக்குத் தெரியும்ப்பா”ன்னா. எப்பேர்ப்பட்ட பிள்ளை!

அதுக்கப்புறந்தான் எனக்கு அந்த யோசனை வந்துது. எனக்கே வந்துது. ஏன் நம்ம இசக்கிராஜாவக் கேக்கக் கூடாது? பேச்சியம்மாகிட்டச் சொன்னேன். “உங்களுக்கேவா தோணுச்சு?”ன்னு கேட்டுட்டு முந்தானைய வச்சு வாயப் பொத்திக்கிட்டா. சந்தோசம் தாங்கல அவளுக்கு. மாரிகிட்ட மெதுவாத்தான் எடுத்தேன். ஒரு தடவ அடிபட்ட பிள்ளைல்லா. “இசக்கிராஜான்னு ஒரு பையன், நீ பாத்திருக்க மாட்ட, மரத்தடியில ஃபயர் வண்டியில நிப்பான்”னேன். “நீங்க சொன்னாச் சரிப்பா”ன்னா. எவன்னு கூடக் கேக்கல.

நானே திருச்செந்தூருக்கு அவன் வீட்டுக்குப் போய்ப் பேசுனேன். அவிய அம்மா எனக்குக் காப்பி குடுத்துட்டு, “மாரிக்கு எள்ளு முறுக்குன்னா உசிருல்லா, இத எடுத்துட்டுப் போங்க”ன்னு ஒரு டப்பாவக் குடுத்தாவ. எம் மகள ஒரு தடவகூட நேர்ல பாத்ததில்ல, அவளுக்கு என்ன பிடிக்கும்னு எப்படி ஊகிச்சாவ பாருங்க! அப்பேர்ப்பட்ட குடும்பம். கல்யாணத்துக்கப்புறம் அவ வேலைக்குப் போலாமான்னு நானே முந்திக்கிட்டுக் கேட்டேன். “அத யாரு தடுப்பா?”ன்னாவ. அப்பவே சம்பந்தம் பேசி முடிச்சு, அங்கயே கை நனைச்சுட்டேன்.

சாத்தூர் வந்துட்டா? இறங்கணுமோ? கொஞ்சம் இருங்க, இன்னும் பாலம் வரல.

சிவகாசிக்கு ஏன் போறேன்னு சொல்லுதேன். பத்திரிகை அடிச்சு வந்ததும் மாரி சொன்னா, “எப்பா, மொதப் பத்திரிகை குருநாதன் மாமாவுக்கு. நீங்களே போய்க் குடுக்கணும்.” எனக்குக் கோவம் வந்துட்டு. என்னத் திருடன்னு சொன்ன வாசப்படிய நான் மிதிக்கவா? அவ என் கையப் பிடிச்சுக்கிட்டா. கண்ணெல்லாம் கலங்கியிருக்கு. “அவிய உங்க மேல போட்ட பழி என் நெஞ்சுல கல்லு மாதிரி கிடக்குப்பா. என்னாலதான உங்களுக்கு இந்தப் பேரு. இதையும் பத்திரிகையோட சேத்துக் குடுங்க. உள்ள நான் எழுதுன கடுதாசியும் இருக்கு, இதப் பாத்தா அந்தப் பழி போயிரும். அதுக்கப்புறம் அவிய என்னத் திட்டட்டும், பரவால்ல”ன்னா. அவள எதுக்குத் திட்டணும்? கூறு கெட்ட பிள்ளை. ஒரு பரிசு குடுத்தாப் பழி போயிருமா? ஆனா மனசு இருக்கே, அது யாருக்கு வரும்?

இந்தா, இதுதான். மஞ்சப்பைக்குள்ள பத்திரமா வச்சிருக்கேன். என்னன்னா கேக்கிய? தெரியாது. ஏதோ படமா இருக்கும், சாமிப் படம். பிடிச்சுப் பாருங்க, கனமே இல்ல. தட்டையா, சதுரமா, சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். துணியில சுத்தி நல்லாத் தைச்சுக் குடுத்திருக்கா.

பிரிச்சுப் பாக்கணுமா? என்ன தம்பி இப்படிச் சொல்லுதிய! உங்க பையப் பாத்தேன்னா அது தொழில். இது எம் மக தச்ச தையலு. அதப் போயி நான் பிரிப்பனா?

இறங்குங்க, இறங்குங்க, உங்க ஊரு வந்துட்டு. பைய மறந்துராதிய. அந்த செண்ட் பாட்டில வெயில்ல வைக்காதிய!